கல்லாவுக்கும் கஜானாவுக்கும் ஒரே சபலம்

வியாபாரத்தில் வரும் நட்டம் இரண்டு வகை. மழை பொய்ப்பது, சந்தை சரிவது, சரக்கு வழியில் நனைவது என்று வெளியிலிருந்து வருவது ஒரு வகை. நாமே கதவைத் திறந்து, நாற்காலி போட்டு உட்கார வைக்கும் நட்டம் இன்னொரு வகை. முதல் வகைக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. இரண்டாம் வகைக்கு எந்தக் கம்பெனியும் பாலிசி எழுதுவதில்லை. அதன் பெயர் சபலம்.

சபலம் என்றவுடன் ஏதோ உபதேசம் தொடங்குகிறது என்று வணிகப் பெருமக்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் பேச வந்தது கணக்கைப் பற்றி. வரவு இன்றைக்கு, பற்று நாளைக்கு. அல்லது வரவு எனக்கு, பற்று வேறொருவருக்கு. இப்படியொரு கணக்கு கண்முன் வந்து நிற்கும்போது எவருக்கும் கை நீளத்தான் செய்யும். மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும், நாட்டின் கஜானாச் சாவியை இடுப்பில் செருகியிருப்பவருக்கும் இந்தச் சோதனை ஒன்றுதான். தொகையில் மட்டுமே வித்தியாசம்.

சிறிய உதாரணம் ஒன்று. மாதக் கடைசியில் கம்பெனிப் பிரதிநிதி கடைக்கு வருகிறார். பத்துப் பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி இலவசம் என்கிறார். நம் கடையில் மாதம் நாலு பெட்டிதான் ஓடும் என்பது நமக்கே தெரியும். ஆனாலும் இலவசப் பெட்டி கண்ணை இழுக்கிறது. மூன்றாம் மாதம் காலாவதித் தேதி நெருங்கும்போது, அந்த இலவசப் பெட்டியின் உண்மையான விலை தெரிகிறது. அரசாங்கங்கள் எடுக்கும் பெரிய முடிவுகள் பலவும் இந்தப் பதினோராவது பெட்டியைப் போன்றவையே.

ஏழாயிரம் ரூபாய் தந்த பாடம்

நம் ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் ஏலமலை பட்ட பாட்டைப் போடியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மண் சரிந்தது, நின்ற செடியில் அழுகல் விழுந்தது. அதன் பின்னாலேயே 2019 கோடையில் மழை தவறியது. வரத்து குறையக் குறைய விலை ஏறியது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் அதிகபட்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. ஏலக்காய் என்ற சொல்லையே பாயசத்தோடு மட்டும் தொடர்புபடுத்தி வைத்திருந்த பத்திரிகைகளும் அதை முதல் பக்கத்தில் போட்டன.

இங்கேதான் முதல் கண்கட்டு. 7,000 என்பது பொறுக்கி எடுத்த காய்க்குக் கிடைத்த உச்ச விலை. அன்றையச் சராசரி விலை அதைவிட வெகுவாகக் கீழே இருந்தது. உச்ச விலை செய்தியாகும்; வீட்டு அடுப்பை எரிய வைப்பது சராசரி விலை. வியாபாரம் தெரிந்தவர்களுக்கே அந்த வாரங்களில் இந்த வித்தியாசம் மறந்துபோனது.

அதன் பிறகு என்ன நடந்தது? 3,000 கிடைத்தபோது விற்காதவர் 5,000 வரட்டும் என்று மூட்டையை உள்ளே வைத்தார். மலைமேல் காலியாகக் கிடந்த சரிவுகளிலும் காப்பி நின்ற இடங்களிலும் ஏலம் ஏறியது. குத்தகைத் தொகை உயர்ந்தது. நகையை வைத்துக் கடன் வாங்கி நட்டவர்கள் உண்டு. ஏலச்செடி நட்ட இரண்டு, மூன்று ஆண்டுகளில்தான் கையில் காசு தரும். அதாவது 2019 விலையைப் பார்த்து நட்டவர், 2021, 2022 விலைக்குத்தான் விற்க முடியும். இந்த எளிய கணக்கை எழுதிப் பார்க்கச் சிலேட்டுப் பலகையே போதும். எழுதிப் பார்த்தவர்கள் குறைவு.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து ஏலமே நின்றது. திருமணங்கள் சுருங்கின, இனிப்புக் கடைகள் மூடிக் கிடந்தன. மறுபுறம், புதிதாக நட்ட செடிகள் காய்க்கத் தொடங்கின. 2021இன் பிற்பகுதியிலும் 2022இலும் சராசரி விலை 1,000 ரூபாய்க்குக் கீழே இறங்கிய வாரங்கள் பல. உரம், மருந்து, கூலி எல்லாம் பழைய உச்சத்திலேயே நிற்க, விலை மட்டும் கீழே வந்தது.

இதில் மளிகைக் கடைக்காரருக்கு என்ன என்று கேட்கலாம். நம் பகுதியிலிருந்து நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி போடிமெட்டு வழியாக மலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர் குடும்பங்கள்தான் நம் கடைகளின் வாடிக்கையாளர்கள். காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் பெண்கள்தான் சனிக்கிழமை சாயந்திரம் அரிசியும் எண்ணெயும் வாங்க வருகிறார்கள். மலையில் விலை சரிந்தால் பஜாரில் பற்றுக் கணக்கு நீளும். மேலே ஒருவர் சபலப்பட்டதற்குக் கீழே பலர் வட்டி கட்டுகிறார்கள்.

துணிச்சல் வேறு, சபலம் வேறு

"ஆபத்துக்குத் துணியாமல் வியாபாரம் உண்டா? காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றுதானே பெரியவர்கள் சொன்னார்கள்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. துணிச்சல் இல்லாதவன் கடை திறக்கவே மாட்டான். ஆனால் துணிபவன் போனால் எவ்வளவு போகும் என்று முதலிலேயே எண்ணி, அதைத் தன் மடியிலிருந்து கொடுக்கத் தயாராக இருப்பவன். சபலப்படுகிறவன் வந்தால் எவ்வளவு வரும் என்பதை மட்டும் எண்ணுகிறான். போவதை நாளையின் தலையிலோ, அடுத்தவர் தலையிலோ எழுதிவிடுகிறான். பெரியவர்கள் காற்றுள்ளபோது தூற்றச் சொன்னார்களே தவிர, பதரையும் சேர்த்து அளக்கச் சொல்லவில்லை.

பதரைச் சேர்த்து அளப்பது எப்படி என்பதற்கு நம் தொழிலிலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. வெளியார் சொல்லி நாம் கேட்பதைவிட நாமே பேசிவிடுவது நல்லது.

ஒன்று, நிறம் ஏற்றுவது. ஏலக்காயின் பச்சை நிறம் சரியான சூட்டில் நிதானமாக உலர்த்துவதாலும், வெளிச்சமும் ஈரமும் படாமல் வைப்பதாலும் நிற்பது. நாளாக ஆக வெளிறுவது அதன் இயல்பு. வெளிறிய காய்க்கு விலை குறைவு என்பதால் சாயத்தில் முக்கிப் பச்சையாக்கும் வழக்கம் சில இடங்களில் புகுந்திருக்கிறது. நறுமணப் பொருள் வாரியமும் உணவுப் பாதுகாப்புத் துறையும் இதை எச்சரித்து வருகின்றன. இன்றைக்குக் கிலோவுக்குச் சில நூறு ரூபாய் கூடுதல். நாளைக்குப் போடி ஏலக்காய் என்ற பெயருக்கே கேடு.

மருந்து எச்சத்தின் கதையும் இதுதான். விளைச்சல் ஆசையில் அளவுக்கு மீறி மருந்தடித்ததன் விலையை, வெளிநாட்டுத் துறைமுகங்களில் சரக்கு நிறுத்தப்பட்டபோது கண்டோம். 2023 ஜனவரியில், சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் மருந்து எச்சம் வரம்பு மீறியிருப்பதாகச் சோதனை அறிக்கை வந்ததன் பேரில், கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தச் சொன்னது. 6.65 லட்சம் டின்கள் முடங்கின. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது உண்மை. ஆனால் இடைக்காலத்தில் என்ன நடந்தது? ஏலக்காய் இல்லாமலே அரவணை தயாரிக்கப்பட்டது. ஏலமலைக்கு அடுத்த மலையில், ஏலக்காய் இல்லாத பிரசாதம்! வழக்கில் எவர் வென்றாலும், நம் சரக்கு இல்லாமலும் காரியம் நடக்கும் என்று வாங்குகிறவர் கண்டுகொண்டால் தோற்பது நாம்தான்.

இரண்டாவது, மறு ஏலம். ஏலத்தில் எடுத்த காயையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருவது பற்றித் தோட்டக்காரர்கள் நெடுநாளாகக் குறை சொல்லி வருகிறார்கள். ஒரே மூட்டை இரண்டு முறை வந்தால் வரத்து உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். விலை நிலவரம் பொய் சொல்லும். அந்தப் பொய்யான நிலவரத்தை நம்பித்தான் மறுநாள் மதுரையிலும் சென்னையிலும் இருக்கும் மொத்த வியாபாரி கொள்முதல் செய்கிறார். 2007இல் மின்னணு ஏலம் வந்ததே விலை எல்லோருக்கும் வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. கம்ப்யூட்டர் வந்தும் கை மாறவில்லை என்றால் என்ன பயன்?

கஜானாவின் பதினோராவது பெட்டி

இனி கஜானாவுக்கு வருவோம். அண்டை நாடான இலங்கையில் நடந்ததை ஒவ்வொரு வியாபாரியும் ஒரு பாடமாகப் படிக்க வேண்டும்.

2019 நவம்பரில் அங்கே புதிய ஜனாதிபதியாக கோத்தபய ராஜபக்ச வந்தார். தேர்தலில் சொன்னபடி, டிசம்பர் முதல் தேதியிலிருந்து மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. வரி பாதியாகக் குறைகிறது என்றால் கடைக்காரர்கள் வெடி வெடிப்பார்களா, வருத்தப்படுவார்களா? அரசின் வருமானம் விழுந்தது. அடுத்து வந்த கொரோனாவில் சுற்றுலா வருமானமும் நின்றது. டாலர் தட்டுப்பாடு தலைகாட்டிய நேரத்தில், 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள். இயற்கை விவசாயம் என்பது நல்ல லட்சியம். ஆனால் ஆண்டுக்கணக்கில் படிப்படியாகச் செய்ய வேண்டியதை ஒரே பருவத்தில் செய்து பெயர் வாங்கிவிடலாம், அந்நியச் செலாவணியும் மிச்சமாகும் என்ற ஆசை. நெல்லும் தேயிலையும் அடி வாங்கின. அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். போன விளைச்சல் திரும்பவில்லை.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை என்று அந்நாடு அறிவித்தது. எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி உயர்வு ஆண்டுக்கு ஏறக்குறைய 70 சதவீதம். கொள்முதல் செய்த விலைக்கு விற்றால், அந்தப் பணத்தில் மறுபடி அதே சரக்கை வாங்க முடியாத நிலை. முதல் தேங்காயைச் சில்லறை வியாபாரி தலையில்தான் உடைத்தார்கள்.

கடைசியில் அந்த வரி என்ன ஆயிற்று? 8 சதவீதம் 2022இலேயே 12 ஆகி, மறுபடி 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 சதவீதத்தில் வந்து நின்றது. குறைத்ததற்கு மேல் கூட்டிக் கட்டியாயிற்று. அன்று வெடி வெடித்த அதே கடைக்காரர்தான் இன்று 18 சதவீதம் வசூலித்துக் கொடுக்கிறார். அரசாங்கம் கொடுத்த இலவசப் பெட்டியின் காலாவதித் தேதி இப்படித்தான் வரும்.

நம் ஊர் ரயில்

கடல் தாண்டிப் போவானேன் என்பவர்களுக்கு நம் ஊர் ரயிலே இருக்கிறது. மதுரை-போடி ரயில்பாதை 1928இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகுதான் மறுபடி ரயில் ஓடியது. பின்னர் அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 டிசம்பர் இறுதியோடு நிறுத்தப்பட்டது. திரும்பத் தேனிக்கு வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன் 15. சுமார் 90 கிலோமீட்டர்ப் பாதைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல்.

ஏன் இவ்வளவு காலம்? போதிய நிதி ஒதுக்கப்படாமல் ஆண்டுகள் போயின. இதில் யாரோ ஒரு வில்லன் இருந்ததாக நாம் கருதவில்லை. பத்து ஊர்களில் பத்து வேலைகளைத் தொடங்கினால் பத்துக் கைதட்டல். இரண்டை எடுத்து முடித்தால் இரண்டே கைதட்டல். மற்ற எட்டு ஊர்களிலும் கறுப்புக் கொடி. ஆகவே எல்லாவற்றையும் தொடங்கி, எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஒதுக்கி, எதையும் முடிக்காமல் வைப்பதே அரசியலுக்கு வசதி. அறிவிப்பின் வரவு இன்றைய தலைவருக்கு. தாமதத்தின் பற்று போடியிலிருந்து லாரி வாடகை கட்டிய நமக்கு.

மனுக் கொடுக்கும் கை

அரசியல்வாதிகளைத் திட்டிவிட்டு முடித்துவிட்டால் இந்தக் கட்டுரை பலருக்கும் இனிக்கும். அப்படி முடிப்பதும் ஒரு சபலம்தான். ஒவ்வொரு தேர்தலிலும் வேட்பாளர் நம் வாசலுக்கு வரும்போது வணிகர்கள் என்ன கேட்கிறார்கள்? இந்த வரியைக் குறை; அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்; இன்ன விதியைத் தளர்த்து. இவற்றில் நியாயமானவை பல உண்டு. ஆனால் "இதற்குப் பணம் எங்கிருந்து வரும்?" என்ற ஒரு வரியை எந்த மனுவிலும் காண முடிவதில்லை. கடைக்கு வந்து கடன் கேட்பவரிடம் "எப்போது திருப்பித் தருவீர்கள்?" என்று கேட்கத் தெரிந்த நமக்கு, வாக்குறுதி தருபவரிடம் அதைக் கேட்கத் தோன்றுவதில்லை.

தமிழ்நாட்டின் நிதி நிலை குறித்து 2021 ஆகஸ்டில் அரசே வெள்ளை அறிக்கை வெளியிட்டது. மாநிலத்தின் கடனைக் குடும்பங்களுக்குப் பிரித்தால், ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2.63 லட்சம் ரூபாய் விழும் என்று அது கணக்குச் சொன்னது. இது எந்தக் கட்சி செய்த செலவு என்ற வாதத்துக்குள் நாம் போகவில்லை. வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்போம் என்று 2003இலேயே மாநிலத்தில் நிதிப் பொறுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கெடு நெருங்கிய போதெல்லாம் சட்டத்தைத் திருத்திக் கெடுவைத் தள்ளிப் போட்டார்கள். பற்று நோட்டில் பழைய பக்கத்தைக் கிழித்துப் புதுப் பக்கத்தில் எழுதுவதுபோல.

முன்கூட்டியே கட்டும் கயிறு

அப்படியானால் வழி என்ன? நல்லவர்களாக இருங்கள் என்று சொல்வதால் ஒன்றும் ஆகப் போவதில்லை. தராசுக்கு முத்திரை போடும் முறை ஏன் வந்தது? வியாபாரிகள் எல்லோரும் திருடர்கள் என்பதால் அல்ல. நல்லவன் கையும் நெருக்கடியில் நடுங்கும் என்பதால். விலை ஏறி ஊரே பறக்கும் நாளில் விதி வகுக்க முடியாது. அமைதியான நாளில் நம் கையை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு நாம் முன்வைக்கும் யோசனைகள் நான்கு.

முதலாவது, கடைக்குள். எவ்வளவு சரக்கு இருப்பு வைப்பது, ஒரு வாடிக்கையாளருக்கு எவ்வளவு வரை கடன், எந்த விலை வந்தால் விற்றுவிடுவது என்பதை சீசன் தொடங்கும் முன்பே எழுதி வைப்பது. மனதில் அல்ல, நோட்டில். வீட்டாருக்கோ பங்குதாரருக்கோ அதைக் காட்டி வைப்பது. நாம் தடுமாறும் நாளில் அவர்கள் அதை எடுத்து நம்மிடமே காட்டுவார்கள்.

இரண்டாவது, சரக்கில். நிறம் ஏற்றிய காயை வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை என்று சங்க உறுப்பினர்கள் கூட்டாக முடிவெடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் மறுத்தால் அவருக்கு நட்டம், பக்கத்துக் கடைக்கு லாபம். எல்லோரும் மறுத்தால்தான் சாயத்துக்குச் சந்தை இராது. பத்துக் காயைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க எந்த ஆய்வுக்கூடமும் வேண்டாம். பச்சை நிறம் கலங்கி இறங்கினால் அந்த மூட்டையைச் சந்தேகப்பட வேண்டும். மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். செலவைச் சங்கம் ஏற்கலாம்.

மூன்றாவது, ஏலத்தில். தோட்டத்திலிருந்து நேராக வரும் காய் வேறு, வியாபாரியிடமிருந்து திரும்ப வரும் காய் வேறு என்று தனித்தனியே பதிவாகி, தனித்தனியே விலை அறிவிக்கப்பட வேண்டும். இதை அதிகாரிகள் நம்மீது திணிக்கும் வரை காத்திராமல் வியாபாரிகளே கேட்டுப் பெறுவது நமக்குத்தான் மரியாதை.

நான்காவது, அரசியலில். இனி எந்த வேட்பாளரிடமும் நம் சங்கம் மனுக் கொடுக்கும்போது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே "இதனால் அரசுக்கு ஆகும் செலவு, அதை ஈடுகட்டும் வழி" என்று இன்னொரு பத்தி இருக்கட்டும். அந்தப் பத்தியை நிரப்ப முடியாத கோரிக்கையை நாமே அடித்துவிடுவோம். அப்படிப்பட்ட மனுவைக் கையில் வாங்கும் வேட்பாளர், பதில் சொல்லும்போது கொஞ்சம் யோசிப்பார். வணிகர்களின் ஓட்டு வெறும் சலுகையால் விழாது என்று தெரிந்தால், சலுகையை மட்டும் நம்பி அவர் வரமாட்டார்.

இவற்றில் எதுவும் சுலபம் என்று நாம் சொல்லவில்லை. நான்காவது யோசனைக்கு நம் உறுப்பினர்களிடமிருந்தே எதிர்ப்பு வரும் என்பதும் தெரியும். "எல்லோரும் வாங்குகிறார்கள், நாம் மட்டும் ஏன் கணக்குப் பார்க்க வேண்டும்?" என்பார்கள். சாயக் காய் விற்பவர் சொல்வதும், கடன் வாங்கி இனிப்புக் கொடுக்கும் அரசு சொல்வதும் இதே வாக்கியம்தான் என்பதை அவர்கள் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கட்டும்.

கணக்கு எழுதுவது நம் குலத்தொழில். நாட்டில் மற்றவர்கள் பற்றை மறந்து வரவை மட்டும் பேசலாம். இரண்டு பக்கமும் எழுதிப் பழகிய நாம் அப்படிப் பேசக் கூடாது. அடுத்த பொதுக்குழுவில் இந்த நான்கு யோசனைகளையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தங்கள் காரணங்களோடு வரட்டும். கூடவே அதற்கான கணக்கையும் கொண்டு வரட்டும்.